வாவிக்கரை வளவை வாங்க வந்தவர்கள்

எனக்கு வீடு இல்லாமல் இருந்த காலம் அது. தலைக்கு மேல் கூரை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அம்மா விட்டுப்போன வீட்டில் அக்காவோடும் அத்தானோடும் இருந்தேன், வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு வீடு என்றால் அது அவள் பெயரில் இருக்க வேண்டும். கலியாணம் முடிந்து அவள் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் உடுப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வருவான். அம்மாவின் வீடு மூத்தவளான அக்காவுக்குச் சீதனமாகப் போயிற்று. அதுதான் முறை, எனக்கு அதில் மனக்குறை இல்லை. எனக்கென்று அம்மா எழுதிவைத்தது வாவிக்கரையில் ஒரு தென்னந்தோட்டம்.

தோட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நின்ற தென்னைகளில் பாதி காய்க்கவில்லை, மீதி காய்த்ததை அணில் தின்றது. எங்கள் ஊர் களுதாவளைக்குப் பக்கத்தில், கிழக்கே கடலுக்கும் மேற்கே மட்டக்களப்பு வாவிக்கும் நடுவில் கிடக்கிறது. வீடுகளெல்லாம் நடு மேட்டில் இருக்கும். வாவி ஓரத்தில் ஒருவரும் குடியிருக்க மாட்டார்கள். மாரியில் தண்ணீர் ஏறி முற்றத்துக்கு வந்துவிடும், கோடையில் நுளம்பு கடித்துப் பிய்த்துத் தின்றுவிடும். அப்படிப்பட்ட வளவுக் காணியை விற்று ஒரு வீட்டைக் கட்டலாம் என்றால் வாங்க ஆள் வேண்டுமே. ஊரில் யாரிடம் கேட்டாலும் சிரித்தார்கள்.

இதற்குள் எனக்கு மாப்பிள்ளை இருந்தார். வாவிக்கு அக்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல் வட்டையில் வேளாண்மை செய்த மாமாவின் மகன். எனக்கு அவரைப் பிடிக்கும். இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை, அப்போதும் பெரிதாக இருக்கவில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கும் என்பது, அறுவடை முடிந்ததும் புது நெல்லில் ஒரு மூட்டையை எங்கள் வீட்டுக்குத் தோணியில் ஏற்றிக்கொண்டு அவரே வந்து இறக்கியதில் தெரிந்தது. அனுப்ப ஆள் இல்லாமலா இருந்தது? ஆனால் மாமி பிடிகொடுக்கவில்லை. வந்தால் பாக்கைப் போட்டுக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பா.

"எல்லாம் சரி கா. வீடு எங்க இரிக்கி? எண்ட மகன் தென்னமரத்திலயா குடியிருக்கிற?"

மாமி கேட்டதில் பிழை இல்லை. எனக்கு மகன் இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன். ஆனாலும் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு உள்ளே எரிந்தது. எனக்குப் பின்னால் பிறந்த பெண்களுக்கெல்லாம் வீடெழும்பி, மாப்பிள்ளைமார் வந்து, பிள்ளைகளும் தவழத் தொடங்கிவிட்டன. நான் மட்டும் அக்கா வீட்டு அடுப்படியில் நின்றேன்.

அப்போது மட்டக்களப்புக்கு ரயில் வந்து அதிக காலம் ஆகவில்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் லீவு கிடைத்தால் ரயிலேறி இங்கே வரத் தொடங்கியிருந்தார்கள். வாடிவீட்டில் தங்குவார்கள், வாவியில் தோணி போவார்கள், கொக்கையும் தாராவையும் சுடுவார்கள், போய்விடுவார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு துரையும் துரைசானியும் ஒரு நாள் பின்னேரம் என் வளவில் இறங்கினார்கள். நல்ல கோடை. வாவி வற்றிப் பளபளவென்று கிடந்தது, காற்று குளிர்ந்து வீசியது. மாப்பிள்ளைக்குக் காட்டும் பெண்ணைப்போல அந்த வளவு அன்று சோடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

துரைசானி ஒரு தென்னங்குற்றியில் வாவியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டா என்று தோணிக்காரன் வந்து சொன்னான். பொழுது படும்வரை எழும்பவில்லையாம். எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க அதில் என்ன இருக்கிறது? எங்கள் வீடுகளின் முகம் எல்லாம் றோட்டுப் பக்கம். ஆள் போவது வருவது தெரியும், கேட்டுக்கு வெளியே யார் யாரோடு சண்டை பிடிக்கிறார்கள் என்று தெரியும். வாவியைப் பார்க்க வீடு கட்டுவது என்பது எங்கள் கணக்கில் வராத விஷயம். வெள்ளைக்காரருக்கு அது பெரிய ஆசை என்று அன்றுதான் தெரிந்தது.

அவர்களுக்கு அந்த வளவு வேண்டும், லீவுக்கு வந்து தங்க ஒரு பங்களா கட்ட வேண்டும். துரை ஒன்றும் ஏமாளி இல்லை. அயல் நாட்டில் காணி வாங்குகிறவன் எப்படி விசாரிக்க வேண்டுமோ அப்படி விசாரித்தார். தோட்டத்துத் தமிழ் அவருக்கு நன்றாகத் தெரியும். தோணிக்காரனைக் கேட்டார், கடைக்காரரைக் கேட்டார், கோயில் வாசலில் நின்றவர்களைக் கேட்டார், கள்ளிறக்குகிறவரை மரத்தின் கீழே நின்று கேட்டார்.

"இந்த எடம் யாரு எடம்?"

எல்லோரும் சொல்லிவைத்ததுபோல ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"ஓவசியர்ட வளவு."

ஓவசியர் என்றால் அத்தான். றோட்டு வேலைப் பகுதியில் அவருக்கு உத்தியோகம். வளவு யாருடையது என்று ஊரில் தெரியாத ஆள் இல்லை. ஆனால் கலியாணமாகாத பெண்ணின் பெயரை முன்பின் தெரியாத ஆம்பிளையிடம் யார் சொல்வார்கள்? அவளைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் அவள் வீட்டு ஆம்பிளையின் பெயரைச் சொல்லிவிடுவதுதான் வழக்கம். எங்களுக்குள் அதில் ஒரு குழப்பமும் வராது. ஓவசியர்ட வளவு என்றால் ஓவசியரின் மச்சாளுடைய வளவு என்று கேட்கிறவருக்கு விளங்கும். துரைக்கு எப்படி விளங்கும்? இத்தனை பேர் ஒன்றுபோலச் சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார்.

அத்தானைத் தேடி வந்தார். அத்தான் நல்ல மனிதர், எனக்கு ஒரு வீடு எழும்ப வேண்டுமென்று அக்காவைவிட அவருக்குத்தான் கவலை. ஆனால் வெள்ளைத்தோலைக் கண்டால் அவருக்குக் கழுத்து வளையும், வாயில் ஆங்கிலம் வரும். அந்த ஆங்கிலமும் "யெஸ் சேர்" என்பதைத் தாண்டி அதிக தூரம் போகாது. உன் வளவா என்று துரை கேட்டார். யெஸ் சேர். விற்பாயா? யெஸ் சேர். துரை கையை நீட்டிக் குலுக்கிவிட்டுப் போனார். அத்தான் அன்று முழுவதும் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு பிசையவே யோசித்தார் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தா.

எனக்கும் சந்தோஷம்தான். அம்மாவின் வீட்டு வளவு பெரியது. அக்கா வீட்டுக்கு வடக்குப் பக்கம் ஒரு வீடு எழுப்ப இடம் கிடந்தது, அந்தத் துண்டை உனக்குத் தருகிறேன் என்று அக்காவும் எப்போதோ சொல்லியிருந்தா. வாவிக்கரை போனால் இங்கே வீடு வரும். நான் ஈர்க்கால் மணலில் கோடு கீறி, இது மண்டபம், இது அறை, இது அடுப்படி என்று நடந்து பார்த்தேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது.

"அத்தான், வளவு எண்டதெண்டு அவருக்குச் சொன்னீங்களா?"

"அது உறுதி எழுதக்குள்ள சொன்னாப் போச்சு, மச்சாள். அந்தாள் பெரிய துரை. அவருக்கு முன்னால நிண்டு, இது எண்ட இல்ல, எண்ட பொஞ்சாதிட தங்கச்சிடயெண்டு சொல்ல எனக்கு ஒரு மாதிரிக் கிடந்திச்சு."

நானும் விட்டுவிட்டேன். காணி உறுதிப் பத்திரம் எழுத இன்னும் நாள் இருக்கிறது, அதற்குமுன் என்ன நடந்துவிடப் போகிறது என்று நினைத்தோம். எங்களுக்கு எழுத்து முடிந்த பிறகுதான் காணி கைமாறும். அவருக்கோ கை குலுக்கினால் காரியம் முடிந்தது. மாரிக்கு முன்னால் கூரை ஏற வேண்டும் என்ற அவசரம் வேறு. நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் கல்லும் சுண்ணாம்பும் தோணி தோணியாக வந்து இறங்கின. மேசன்மாரும் மரவேலை ஓடாவிமாரும் வந்து கொட்டில் போட்டார்கள். துரைசானி மலையிலிருந்து இறங்கி வந்து வாடிவீட்டில் தங்கிக்கொண்டு, வேலை நடக்கும் இடத்தில் பகலெல்லாம் தொப்பியும் குடையுமாக நின்றா.

நான் பார்க்கப் போவேன். என் வளவு அல்லவா? மாரித் தண்ணீர் எதுவரை வரும் என்று மேசன் கேட்டபோது மரத்தில் கிடந்த சேற்று அடையாளத்தைக் காட்டினேன். அவர் அத்திவாரத்தை அதற்கும் மேலே உயர்த்தி, ஆள் உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, அதன் மேல் சுவர் வைத்தார். துரை வந்திருந்த ஒரு நாள், அந்த மேடையில் காலில் போட்ட சப்பாத்துச் சத்தத்தோடு அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தவர் என்னைக் கண்டுவிட்டு விரலால் கூப்பிட்டார்.

"ஏ பொண்ணு, தண்ணி கொண்டா."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. என் மண்ணில் நின்றுகொண்டு எனக்கே கட்டளை. அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க வேலை வாங்கும் தமிழ், அதில் "நீங்க" என்ற சொல்லே இருக்கவில்லை. ஆனாலும் தாகம் என்று கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? வந்தவருக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டியது வளவுக்காரிதானே என்று என்னைச் சமாளித்துக்கொண்டு, மேசன்மாரில் ஒருவரிடம் சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்தேன். துரைசானிக்கும் ஒன்று கொடுத்தேன். அவ இரண்டு கையாலும் வாங்கி, குடித்து முடித்து, கோம்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றா.

சுவர் முடிந்து ஓடு வந்து இறங்கிய பிறகுதான் உறுதி எழுத நாள் வைத்தார்கள். அத்தானும் அக்காவும் நானும் புதுச் சீலை, புது வேட்டியோடு பட்டணத்துக்குப் போனோம். உறுதி எழுதும் நொத்தாரிசு எங்கள் ஊர்க் காணிகளைப் பரம்பரையாக எழுதிவந்த குடும்பத்துக்காரர். துரை கதிரையில் உட்கார்ந்து அத்தானைப் பார்த்துத் தலையசைத்தார். நொத்தாரிசு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மகள் கிட்ட வாங்க. நீங்கதானே கையெழுத்து வைக்கோணும்."

துரை என்னைப் பார்த்தார். இளநீர் கொடுத்த பெண் என்று அடையாளம் கண்டுகொண்டார். அவளுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். காணி அவளுடையது என்று நொத்தாரிசு சொன்னார். துரையின் முகம் செத்தல் மிளகாய் நிறத்துக்கு வந்தது.

"ஓவசியர் எடம்னு சொன்னான். ஊரு பூரா சொன்னான். எல்லாம் திருட்டுப் பய!"

அத்தானின் வாயிலிருந்து அன்றைக்கென்று யெஸ் சேர்கூட வரவில்லை. இந்தப் பிள்ளை கையெழுத்து வைக்கத்தானே வந்திருக்கிறா என்று நொத்தாரிசு ஆங்கிலத்திலும் தமிழிலும் சொல்லிப் பார்த்தார். துரை காதில் வாங்கவில்லை. இன்றைக்கு இவள் வந்திருக்கிறாள், நாளைக்கு இன்னும் எத்தனை பேர் இது எங்கள் இடம் என்று வருவார்கள்? ஊரே சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்டது. கட்டின செலவைத் திருப்பித் தர வேண்டும். அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டு பொய் சொன்ன ஓவசியரை வேலையில் இருக்க விடப்போவதில்லை. இவ்வளவையும் மேசையில் அடித்துச் சொல்லிவிட்டு எழும்பிப் போனார். துரைசானி அவர் பின்னால் போகும்போது வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தா.

வீட்டுக்கு வந்து அத்தான் பாயில் முகங்குப்புறப் படுத்துவிட்டார். அக்கா அவரைத் திட்டினா, பிறகு அவருக்காகவே அழுதா. உத்தியோகம் போனால் அந்த வீடே சாய்ந்துவிடும். நான் மணலில் கீறிய கோட்டைக் கோழிகள் கிளறிவிட்டிருந்தன. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அத்தான்மேல் ஆத்திரம், என் பெயரைச் சொல்லாத ஊர்மேல் ஆத்திரம், கேட்கவேண்டிய ஆளை விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் கேட்ட துரைமேல் ஆத்திரம்.

அடுத்த நாள் மாமி தோணியில் வந்தா. முகம் அப்படி மலர்ந்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

"ஏன் கா எல்லாரும் செத்த வீடு மாதிரி இரிக்கிறயள்? காணி உண்ட பேரில. உண்ட காணியில வீடு எழும்பி நிக்கிது. அந்த வெள்ளக்காரன் கோவிச்சிட்டுப் போனாப் போகட்டும். ஓடும் வந்து கிடக்கு, ஏத்தினாச் சரி. வாற ஆவணியில கலியாணத்த வைப்பம்."

சட்டமும் கொஞ்சம் நம் பக்கம்தான், வழக்குப் பேசினால் இழுபடும், அதற்குள் துரை அலுத்துப்போய்விடுவார் என்று ஊரிலும் இரண்டு பேர் சொன்னார்கள். நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இவ்வளவு காலம் எந்த ஒன்றுக்காகக் காத்துக்கிடந்தேனோ அது என் மண்ணிலேயே எழும்பி நிற்கிறது. மாமியும் சம்மதித்துவிட்டா. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

மாமியைத் தோணியில் கொண்டுவந்து இறக்கிய அவவின் மகன், என் மச்சான், முற்றத்தில் நின்றார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வீடு உங்கட. நீங்க எங்க இரிக்கச் சொன்னாலும் இரிப்பன்." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "ஆனா அந்த வீட்டுல எனக்கு நித்திரை வராது போல கிடக்கு."

எனக்கும் வராது. அதுதான் உண்மை. மேசன்மார் கல் வைக்கும்போது துரைசானி பக்கத்தில் நின்று ஒவ்வொரு யன்னலுக்கும் குந்தி இருந்து பார்த்து, எழும்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தாழ்த்து என்று கையால் காட்டியதை நான் கண்டிருக்கிறேன். அந்த யன்னலுக்குள்ளே நான் போய்ப் பாய் விரிக்கிறதா? எனக்கு வீட்டு ஆசை இருந்தது, பறித்து எடுக்கும் ஆசை இருக்கவில்லை. சீலையைத் திருத்திக் கட்டிக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். கூட வாறன் என்று மச்சான் சொன்னார். வேண்டாம், இது பெண்கள் பேசுகிற விஷயம் என்று நிறுத்திவிட்டேன்.

துரை பட்டணத்துக்குப் பெரிய உத்தியோகத்தரைப் பார்க்கப் போய்விட்டாராம். வேலை நின்றுபோய் மேசன்மார் கொட்டிலில் கிடந்தார்கள். துரைசானி மட்டும் மேடையில், கூரையில்லாத சுவர்களுக்கு நடுவில், ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு வாவியைப் பார்த்தபடி இருந்தா. என்னைக் கண்டதும் எழும்பி நின்றா. அழுதிருந்தா என்பது மூக்கைப் பார்த்தால் தெரிந்தது. அவவுக்கும் தமிழ் தெரியும், ஆனால் துரையின் தமிழ் அல்ல. குசினிச் சமையற்காரரிடமும் ஆயாவிடமும் கற்றுக்கொண்ட தமிழ்.

"இது ஒன் எடம்?"

"ஓம். எங்கட அம்மா தந்த."

"அப்பா இல்லே? அண்ணன் இல்லே? அம்மா குடுத்தது?"

"எங்கட பக்கத்தில அப்பிடித்தான். வீடு வளவு பொம்பிளைக்கு. ஆம்பிளை வந்து இரிப்பார்."

அவ அதை நம்பாமல் இரண்டு தரம் கேட்டா. பிறகு மெல்ல உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த கல் அடுக்கைத் தட்டி என்னையும் இருக்கச் சொன்னா. கைவிரலை மடக்கி மடக்கித் தான் இருந்த பங்களாக்களைச் சொன்னா. ஒவ்வொன்றிலும் பூ மரம் நட்டதாகச் சொன்னா. ஒரு மரமாவது பூப்பதைப் பார்க்கவில்லையாம்.

"எல்லாம் கம்பனி வீடு. போ சொன்னா போறது. சீமையிலே அப்பா வீடு, அது அண்ணனுக்குப் போச்சு. எனக்கு வீடு இல்லே."

நான் அவவைப் பார்த்தபடி இருந்தேன். சப்பாத்தும் தொப்பியும் வேலைக்காரரும் உள்ள ஒரு பெண்ணுக்கு என் நிலைதான் என்று யார் நினைப்பார்கள்? என் ஆத்திரம் அதிலேயே இறங்கிவிட்டது. மனம் உருகியது. ஆனால் உருகிவிட்டு வெறுங்கையோடு எழும்பிப் போக நான் வரவில்லை.

"எனக்கும் வீடு இல்ல. வீடு இல்லாட்டிக் கலியாணம் இல்ல. நீங்க இந்த வளவை எடுங்க. எனக்குக் காசு வேணாம். உங்கட மேசன், உங்கட ஓடாவி, இஞ்ச மிஞ்சின கல்லு. ஊருக்குள்ள எங்கட அம்மாட வளவில எனக்கொரு வீடு கட்டித் தாங்க. சின்ன வீடு. வீட்டுக்கு வீடு."

அவவுக்கு விளங்க வேண்டுமென்று மேடையில் கொட்டிக் கிடந்த மணலில் கீறிக் காட்டினேன். விளங்கியதும் அவவின் முகம் தெளிந்தது. நான் விடவில்லை.

"இன்னொண்டு. உறுதி உங்கட பேரில எழுதோணும். துரைட பேருக்கு எழுத மாட்டன்."

"ஏன்?"

"அம்மா எனக்குத் தந்த. நான் உங்களுக்குத் தாறன். ஆம்பிளைக்கு ஏன்?"

இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. துரையைப் பழிவாங்கவும் நான் அதைக் கேட்கவில்லை. என் புத்தியில் வேறு விதமாக ஏறவில்லை, அவ்வளவுதான். பெண்ணின் கையில் கிடந்த வளவை ஆணின் கையில் கொடுத்தால், நாளைக்கு அவன் அதை யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுப்பான், கேட்க ஆள் இருக்காது. துரைசானி நான் மணலில் கீறிய கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தா. பிறகு ஊர் ஏன் ஓவசியர் பெயரைச் சொன்னது என்று கேட்டா. நான் விளக்கினேன். அவ சத்தமாகச் சிரித்தா, கொட்டிலிலிருந்து மேசன்மார் எட்டிப் பார்த்தார்கள்.

துரையிடம் அவ என்ன பேசினா, எப்படிப் பேசினா என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அத்தான் பின்கதவால் போகப் பார்த்தார், அக்கா பிடித்து நிறுத்தினா. துரை அத்தானிடம் போகவில்லை, என்னிடம்தான் வந்தார்.

"எல்லாரும் ஏன் பொய் சொன்னான்?"

"பொய்யில்ல. கலியாணமாகாத பெண்ட பேரைத் தெரியாத ஆளுக்குச் சொல்ல மாட்டாங்க. நீங்க கேட்ட ஆளெல்லாம் எண்ட மானத்தைத்தான் காப்பாத்தினாங்க."

"ஒன் மானம் நின்னுச்சு. நம்ம வேலை நின்னு போச்சு," என்றார் துரை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அத்தானுக்கும் உயிர் வந்து, "யெஸ் சேர்" என்றார்.

மறுபடியும் நொத்தாரிசிடம் போனோம். என் வீட்டைக் கட்டித்தரும் பொறுப்பையும் எழுத வேண்டும் என்று நொத்தாரிசு சொல்ல, துரை சரி என்றார். பிறகு நொத்தாரிசு வாங்குகிறவரின் பெயரைக் கேட்டார். துரை வாயைத் திறந்தார். அதற்குமுன் துரைசானி தன் பெயரைச் சொன்னா. எழுத்தெழுத்தாகவும் சொன்னா. நொத்தாரிசின் பேனை துரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. விற்கிறவள் நான், வேறு யாருக்கும் விற்க மாட்டேன் என்று நான் சொன்னேன். துரைக்கு அது பிடிக்கவில்லை என்று நன்றாகத் தெரிந்தது. யன்னலுக்கு வெளியே சற்றுப் பார்த்திருந்துவிட்டு, "எழுது" என்றார். நான் கையெழுத்து வைத்தேன். துரைசானி வைக்கும்போது மை சொட்டி, அதைத் துடைக்கப்போய் விரலெல்லாம் மையாக்கிக்கொண்டா.

அந்த மேசன்மார் எங்கள் வளவுக்கு வந்து என் வீட்டைக் கட்டினார்கள். ஒரு மண்டபம், ஒரு அறை, தனியே அடுப்படி, ஓட்டுக்கூரை. முகம் றோட்டுப் பக்கம்தான். ஓவசியர் என்ற பெருமையில் அத்தான் தினமும் நூல் பிடித்துப் பார்த்து மேசன்மாரின் உயிரை எடுத்தார். ஆவணி தாண்டிவிட்டது, மழைக்கு முன்னால் ஒரு நல்ல நாளில் கலியாணம் வைத்தோம். வாவிக்கரைப் பங்களாவுக்கும் அதே வாரந்தான் கடைசி ஓடு ஏறியது.

கலியாணத்துக்குத் துரையும் துரைசானியும் வந்தார்கள். மச்சான் மேளதாளத்தோடு வந்து படியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொல்லி அத்தான் கையைப் பிடித்தார், அக்கா ஆலாத்தி எடுத்துவிட்டு வரச் சொன்னா. மனுசன் அசையவில்லை. வீட்டுக்காரி கூப்பிடட்டும் என்று சொல்லிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறார். கலியாணப் பெண் வாய் திறப்பதா என்று கிழடுகள் முணுமுணுத்தன. நான் கதவடியில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "வாங்க" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் இவ்வளவு காலமும் காத்துக்கிடந்தேன் என்று அப்போது தெரிந்தது. கண் கலங்கிவிட்டது. மச்சான் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். துரைசானி பக்கத்தில் நின்றவர்களிடம் ஏன், என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தா, அக்கா சொல்லிக்கொடுத்தா.

இரண்டு நாள் கழித்து அவர்கள் புதுப் பங்களாவுக்குக் குடிவந்தார்கள். நானும் மச்சானும் பால்சோற்றோடு போனோம். அத்தானும் அக்காவும் மேசன்மாரும் ஏற்கெனவே வந்து நின்றார்கள். அவர்கள் வந்த தோணி கரையில் முட்டியதும் துரை வழக்கம்போல முதலில் குதித்து, படிகளை நோக்கி விறுவிறென்று நடந்தார். துரைசானி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரை முந்தி ஓடினா. படியேறி, மேடையைத் தாண்டி, கதவடியில் திரும்பி நின்றா. துரை கடைசிப் படியில் கால் வைக்கப் போனவர் நின்றுவிட்டார்.

"வாங்க," என்றா துரைசானி.

ஒருவரும் சிரிக்கவில்லை. துரை அவவின் முகத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். அத்தனை மாதமும் அந்த மேடையில் சப்பாத்தோடு அங்குமிங்கும் நடந்த மனிதர், குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார்.